ஆசனமும் நின்றுவிட்டார்

உட்காருவதற்குச் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லிவிட முடியாது. எந்த அலுவலகத்திலும் அப்படி நாலு பேராவது இருப்பார்கள். மற்றவர்கள் அதை மறைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபடுவார்கள். இவருக்கு அந்தச் சிரமம் இல்லை. நாற்காலி செய்கிற கம்பெனியில், செய்து முடித்த நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதே அவருடைய வேலை. நியமனக் கடிதத்தில் 'இருக்கைத் தர ஆய்வாளர்' என்று போட்டிருந்தது. அதை யாரும் முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'ஆசனம்'.

பட்டறையின் கடைசியில், லாரியில் சரக்கு ஏற்றுகிற கதவுக்குப் பக்கத்தில் அவருடைய இடம். பஞ்சு வைத்து, உறை மாட்டி, திருகு முடுக்கி வருகிற நாற்காலிகள் அங்கே வந்து சேரும். ஆசனம் ஒன்றில் உட்காருவார். முதுகைச் சாய்ப்பார். இடது பக்கம் ஒரு அசைவு, வலது பக்கம் ஒரு அசைவு. பிறகு கைப்பிடியை அழுத்தி எழுந்திருப்பார். எங்கேயாவது கீச்சென்று சத்தம் வந்தால், "இதுக்கு வயித்து வலி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சத்தமில்லை என்றால் நாற்காலியைக் கவிழ்த்து அடியில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோடு இல்லாமல் எதுவும் லாரி ஏறாது.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். துணி கொடுக்க வருகிறவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்தே சம்பாதிக்கறவர்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோப்பாள். அது பெருமையா குத்தலா என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிடிபட்டதில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பயம் எட்டிப் பார்க்கும். அவருக்கு வேறு ஒரு வேலையும் தெரியாது. இது போய்விட்டால், 'எனக்கு நன்றாக உட்கார வரும்' என்று சொல்லிக்கொண்டு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

இப்படி அவர் பாட்டுக்கு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்குத் திடீரென்று ஊழியர்கள் மேல் பாசம் பொங்கியது. அதற்குக் காரணம் உண்டு. பக்கத்துக் கண்ணாடிக் கம்பெனிக்கு 'ஆரோக்கியமான பணியிடம்' என்று ஒரு கேடயம் கிடைத்திருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வயிற்றெரிச்சலில் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாகத்தான் நம் கம்பெனியில் நலவாழ்வுத் துறை பிறந்தது.

துறைக்கு ஒரு மேலாளர் வந்தார். தொழிலாளிகள் அவருக்கு 'நலம் சார்' என்று பெயர் வைத்தார்கள். அவர் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் அது கத்தும். அதனால் அவர் எங்கேயும் உட்காருவதில்லை, யாரையும் உட்கார விடுவதுமில்லை. வந்த அன்றே பட்டறை முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார்.

"நண்பர்களே! மனித குலத்தோட மிகப் பெரிய எதிரி எது தெரியுமா? புகையா? இல்லை. குடியா? அதுவும் இல்லை." கொஞ்சம் இடைவெளி விட்டார். "நாற்காலி!"

நாற்காலிக் கம்பெனியின் நடு முற்றத்தில் இதைக் கேட்டவர்களுக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப நம்ம சரக்கு சார்?"

"அது வாடிக்கையாளரோட உடம்பு. நான் ஊழியரோட உடம்பைப் பத்திப் பேசறேன்" என்றார் நலம் சார்.

முதலாளி கைதட்டினார். அதற்கப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

ஒரு வாரத்துக்குள் 'நிற்போம்! நிலைப்போம்!' என்று சுவரெல்லாம் பதாகை ஏறியது. அலுவலகத்து மேசைகளுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயரமாக்கினார்கள். உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் நாற்காலியெல்லாம் வெளியே வந்தது. சம்பளப் பிரிவின் குமாஸ்தா ரொம்ப வருஷத்து ஆள். கால் கொஞ்சம் வீங்கிப்போன மனுஷன். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை, சம்பந்தம் பேசிய பெண்ணை வேறு வீட்டுக்குக் கட்டிக் கொடுத்த மாதிரி பார்த்துக்கொண்டே நின்றார். வாட்ச்மேனின் ஓட்டை ஸ்டூலைக்கூட விடவில்லை.

உட்கார அனுமதியுள்ள இடம் கழிப்பறை ஒன்றுதான் என்று ஆனதும் அங்கே கூட்டம் தாங்கவில்லை. கணக்குப் பிரிவுக்காரர்கள் கையில் கோப்போடு வரிசையில் காத்திருந்தார்கள். உள்ளே போனவர் லேசில் வெளியே வருவதில்லை. நலம் சார் இதைக் கவனித்து, ஊழியர்களுக்கெல்லாம் ஜீரணக் கோளாறு என்று கண்டுபிடித்தார். உடனே ஒரு டாக்டர் வரவழைக்கப்பட்டார். அவர் ஆசனவாயைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். அந்தச் சொல் வந்தபோதெல்லாம் பட்டறை மொத்தமும் திரும்பி நம் ஆளைப் பார்த்துச் சிரித்தது. அவர் என்ன செய்வார், பாவம், தரையைப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்த நாற்காலிகளை எங்கே கொண்டுபோவது? அதற்கு இன்னொரு துறை பிறந்தது. அது சமுதாயப் பொறுப்புத் துறை. அதன் தலைவி 'பொறுப்பு மேடம்'. நாற்காலிகளைத் துடைத்து, முதுகில் கம்பெனி சின்னம் ஒட்டி, வேனில் ஏற்றி, சமுதாயத்துக்கு வழங்குவது அவருடைய வேலை. வேன் கிளம்பும்போது ஆசனத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகத்தை அடக்கி வைக்கிற பழக்கம் அவருக்கில்லை.

"மேடம், உட்கார்ந்தா உடம்புக்கு ஆபத்துன்னு நலம் சார் சொல்றாரு. அதே நாற்காலியை நாம சமுதாயத்துக்குக் கொடுக்கறோமே?"

பொறுப்பு மேடம் அவரை வாஞ்சையோடு பார்த்தார். "நல்ல கேள்வி. ஆனா அது வேற டிபார்ட்மெண்ட்."

ஆசனத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் மேடம் சிரித்துக்கொண்டே சொன்னதால் அவரும் சிரித்து வைத்தார்.

கம்பெனி முழுக்க நின்றாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒருவர். நலம் சாருக்கு ராத்திரித் தூக்கம் போனது. கேடயம் கொடுக்கிறவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள். நூறு சதவீதம் பேரும் நிற்கிறார்கள் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் பட்டறையின் கடைசியில் ஒரு மனுஷன் நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறான்.

"கொஞ்சம் நின்னுக்கிட்டே சோதனை பண்ண முடியாதா?" என்று கேட்டார்.

"நாற்காலியில நின்னா பஞ்சு அமுங்கிடும் சார்."

"நாற்காலி மேல நிக்கச் சொல்லலை. பக்கத்துல நில்லுங்க. பார்த்தாலே தெரியாதா?"

"பார்க்க எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கும்."

"சரி, பாதி உட்காருங்க."

ஆசனம் முயற்சி செய்து பார்த்தார். முட்டியை மடக்கி, நாற்காலியில் படாமல், அந்தரத்தில் தொங்கியபடி இடதும் வலதுமாக அசைந்தார். தொடை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. அது நாற்காலியிலிருந்து வரவில்லை, அவருடைய முட்டியிலிருந்து வந்தது. அன்று அரை உட்காரலில் அவர் தேற வைத்த ஐந்தாறு நாற்காலிகளுக்கும் சாமி பேரைச் சொல்லித்தான் கோடு போட்டார்.

நலம் சார் மறுநாள் ஒரு மணல் மூட்டையோடு வந்தார். சராசரி மனிதனின் எடை. அதைத் தூக்கி நாற்காலியில் வைத்தால் போதும், மனிதன் உட்கார வேண்டியதில்லை என்றார்.

"மூட்டை எதுவும் சொல்லாதே சார்."

"அதுதான் அதோட சிறப்பு" என்றார் நலம் சார். "நீங்க ஒரே ஒரு நாள் உட்காராம நில்லுங்க. எனக்காக. உங்க உடம்புக்காக."

மேலதிகாரி கையைப் பிடித்துக் கெஞ்சினால் யாருக்குத்தான் மனசு இளகாது? ஆசனம் ஒத்துக்கொண்டார். அன்று நாள் முழுக்க நின்றார். மூட்டையை ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாற்றி மாற்றி வைத்தார். மூட்டை இடதுபுறம் அசையவில்லை, வலதுபுறம் அசையவில்லை, கைப்பிடியை அழுத்தி எழுந்திருக்கவும் இல்லை. எல்லா நாற்காலியும் தேறியது. சாயங்காலம் நலம் சார் ஓடி வந்தார்.

"நின்னுட்டீங்களா?"

"நின்னுட்டேன் சார்" என்றார் ஆசனம், சுவரைப் பிடித்துக்கொண்டு.

நலம் சாருக்குக் கண் கலங்கியது. அங்கேயே போனை எடுத்துக் கம்பெனியின் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு செய்தி தட்டிவிட்டார். 'மகிழ்ச்சியான செய்தி! ஆசனமும் நின்றுவிட்டார். நூறு சதவீதம்!' அதற்கு எல்லாப் பிரிவுகளிலிருந்தும் கைதட்டுகிற பொம்மைகள் வந்து குவிந்தன. சம்பளக் குமாஸ்தா மட்டும் பொம்மை அனுப்பவில்லை. "அடப்பாவமே, நல்ல மனுஷன். ஒரு வார்த்தை சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டானே" என்று பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு ஊழியர் நின்றுவிட்டால் சம்பளப் பிரிவு என்ன செய்ய வேண்டுமோ, அதை ஒழுங்காகச் செய்தார்.

மறுநாள் காலை வாசலில் அட்டையைக் காட்டியதும் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துக் காட்டினார். அப்போதும் சிவப்பு. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, நீங்க நின்னுட்டதா மெஷின் சொல்லுது."

"நின்னேம்ப்பா. நேத்து முழுக்க நின்னேன். இன்னும் கால் வலிக்குது."

"அதான்ணே. நின்னவங்களை உள்ளே விடக்கூடாதாம்."

சம்பளப் பிரிவின் ஜன்னல் தெருப் பக்கம் திறந்திருக்கும். ஆசனம் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். குமாஸ்தா உயரமான மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இப்படித் திடுதிப்புனு நின்னுட்டியே! வேற இடம் கிடைச்சிருச்சா?"

"என்ன சார் இது! எல்லாரும்தான் நிக்கறாங்க. நீங்களும்தான் நிக்கறீங்க!"

"நான் நின்னுக்கிட்டு இருக்கேன். நீ நின்னுட்டே" என்றார் குமாஸ்தா நிதானமாக. "எங்க செக்‌ஷன்ல ரெண்டும் வேற வேற."

"அய்யோ, நான் சும்மா கால்ல நின்னேன் சார்! வேலையை விட்டு நிக்கலை!"

குமாஸ்தாவுக்குப் புரிந்தது. முகம் சுருங்கிப்போனது. ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு சம்பளப் பிரிவில் எதுவும் செய்ய முடியாது. "நின்னுட்டவரைத் திரும்ப எடுக்கணும்னா, இவர் நிக்கலைன்னு நலம் சார் எழுதிக் கொடுக்கணும். நின்னதாச் சொன்னவர் அவர்தானே" என்றார்.

நலம் சார் வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கையைப் பிசைந்தார்.

"உங்களை நினைச்சா எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா? ஆனா நீங்க நிக்கலைன்னு நான் எழுதிக் கொடுத்தா நூறு சதவீதம் போயிடுமே. வேற மாதிரி யோசிச்சுப் பாருங்க. வேலையில இல்லாதவருக்கு வேலையால வர்ற வியாதி ஒண்ணுமே வராது. எங்க துறையோட நோக்கமே அதுதான்."

"சார், என் வேலையை யாரு பார்க்கறது?"

"மூட்டை பார்க்குது. நீங்க கவலையே படாதீங்க."

எதிரே ஒரு ஆள் இல்லாமல் மூட்டையிடம் வேலையைப் பறிகொடுத்தவன் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆசனம் திருதிருவென்று விழித்தபடி நின்றார். அப்போது வேனில் வந்து இறங்கிய பொறுப்பு மேடத்தின் கண்ணில் பட்டார்.

"நீங்க ஊழியர்தானே?"

"நேத்து வரைக்கும் மேடம்."

"இன்னிக்கு?"

"அதுதான் தெரியலை மேடம். உள்ளே விட மாட்டேங்கறாங்க."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்க சமுதாயம்! வழக்கமா சமுதாயத்தைத் தேடி நாங்கதான் டீசல் போட்டுக்கிட்டு அலையறோம். நீங்களா வாசல் தேடி வந்திருக்கீங்க. சொல்லுங்க, உங்க தேவை என்ன?"

"என் வேலை மேடம்."

"அந்த மாதிரி இல்லை. கையில கொடுக்கற மாதிரி, போட்டோவில தெரியற மாதிரி ஏதாவது."

"எனக்கு நாற்காலியில உட்கார்றதைத் தவிர வேற எதுவும்..."

"நாற்காலி!" என்று மேடம் கையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை விழா. வந்துடுங்க."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தார். கடைசியில் வாசற்படியிலேயே உளறிவிட்டார். "என்னை நிறுத்திட்டாங்க."

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். "ஏன்? உட்கார்ந்துக்கிட்டே இருந்தீங்கன்னா?"

"இல்லை. நின்னேன்னு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முழுக் கதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள், அடக்க முடியாமல் சிரித்தாள், பிறகு சிரிப்பு எங்கேயோ தடம் மாறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அவர் ஒரு குறை சொல்ல முடியாமல் செய்த வேலை. அதை ஒரு மணல் மூட்டை செய்கிறது என்றால் இத்தனை வருஷமும் அவர் அங்கே மூட்டையாகத்தான் இருந்தாரா? இந்த நினைப்பு வந்ததும் அவர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அழாதீங்க" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை போங்க. அவங்க கொடுக்கற நாற்காலியை வாங்குங்க. வாங்கிட்டு முதலாளி முகத்தைப் பார்த்து, என் வேலை எங்கேன்னு கேளுங்க. உங்களுக்கு வாய் இல்லைன்னா சொல்லுங்க, நான் வர்றேன்."

"நானே கேட்கறேன்" என்றார் அவர் அவசரமாக. அவள் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

விழா பட்டறை முற்றத்தில் நடந்தது. ஊழியர்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். மேடையிலும் நாற்காலி கிடையாது. வந்து பார்வையிட்டவர்கள் கொடுத்துவிட்டுப் போன கேடயம் முதலாளியின் கையில் மின்னியது. முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"ஊழியர்கள்தான் இந்தக் கம்பெனியோட கால்கள். அந்தக் கால்கள் உறுதியா நிக்கறதாலதான் நான் இவ்வளவு உயரத்துல உட்கார்ந்திருக்கேன்!"

பயங்கரக் கைதட்டல். தட்டியவர்கள் கையைத்தான் அசைத்தார்கள், காலை அசைக்க யாருக்கும் தெம்பில்லை.

அடுத்து 'ஆண்டின் ஆரோக்கியமான ஊழியர்' விருது. ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை என்று நலம் சார் அறிவித்தார். இரண்டு பேர் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார்கள். முதலாளி அதன் கழுத்தில், அதாவது கயிறு கட்டிய இடத்தில், பதக்கத்தை மாட்டிவிட்டார். மூட்டை அடக்கமாக இருந்தது.

கடைசியாகப் பொறுப்பு மேடம் ஆசனத்தைக் கூப்பிட்டார். "நலிந்த சமுதாயத்தின் பிரதிநிதி! வேலையில்லாத ஒரு எளிய மனிதர். இவருக்கு வாழ்நாள்ல முதல் முறையா ஒரு நாற்காலி!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆசனம் மேடையேறினார். முதலாளி நாற்காலியை நீட்டினார். பழக்க தோஷம், ஆசனம் அதை வாங்கியதும் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் அவர் போட்ட கோடு அப்படியே இருந்தது. சம்பளப் பிரிவிலிருந்து எடுத்த நாற்காலி அது. நிமிர்த்தி வைத்தார். உட்கார்ந்தார். சாய்ந்தார். இடது பக்கம் ஒரு அசைவு, வலது பக்கம் ஒரு அசைவு. சத்தமே இல்லை. நாலைந்து நாளாக அந்த உடம்பில் இல்லாத ஒரு நிம்மதி முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. முதலாளியிடம் கேட்க வந்தது அவருக்கு ஒரு நிமிஷம் மறந்தே போனது.

"எழுந்திருங்க, போட்டோ எடுக்கணும்" என்றார் நலம் சார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் நிக்கற படம்தான் வேணும். நில்லுங்க!"

ஆசனம் அண்ணாந்து பார்த்தார். அவருக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. உண்மையாகவே சந்தேகமாக இருந்தது.

"நான்தான் ஏற்கெனவே நின்னுட்டேனே சார். இதுக்கு மேல எப்படி நிக்கறது?"

முற்றத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. முதல் வரிசையில் நின்ற சம்பளக் குமாஸ்தாவுக்குச் சிரிப்போடு சேர்த்துக் காலும் விட்டுப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த சுகத்தைப் பார்த்துப் பக்கத்து ஆள் உட்கார்ந்தார். அவ்வளவுதான். கணக்குப் பிரிவு உட்கார்ந்தது, தச்சர்கள் உட்கார்ந்தார்கள், உறை தைக்கிற பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். நின்றவர்கள் மேடையில் இருந்த மூன்று பேர்தான்.

நலம் சாருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேடை ஓரத்துக்கு வந்து கத்தினார். "யோவ், குமாஸ்தா! நின்னவங்க யாரு யாருன்னு பேரை மட்டும் இப்பவே அனுப்பு. அவங்களுக்குத்தான் இனிமே எல்லாச் சலுகையும்!"

குமாஸ்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே போனை எடுத்தார். "நின்னுக்கிட்டு இருக்கறவங்களா சார், நின்னுட்டவங்களா?"

"என்னய்யா, இங்க வந்து இலக்கணம் கேட்டுக்கிட்டு! நின்னுட்டவங்கன்னே போடு!"

"உங்க மூணு பேரையும்தானே சார்?"

"ஆமாய்யா!"

குமாஸ்தா போட்டார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அடுத்த நாள் காலை ஆசனம் மறுபடியும் கிளம்பினார். விழாக் களேபரத்தில் வேலையைக் கேட்க முடியாமல் போனதற்கு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் காத்திருக்க நேரமாகும் என்று நாற்காலியையும் தோளில் போட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தால் கம்பெனி வாசலில் முதலாளியின் கார் நிற்கிறது. முதலாளி நிற்கிறார். நலம் சாரும் பொறுப்பு மேடமும் நிற்கிறார்கள். மெஷினில் சிவப்பு விளக்கு.

"திறடா கதவை!" என்றார் முதலாளி.

"மெஷின் சொல்லாமத் திறந்தா என் வேலை போயிடும் சார்" என்றான் வாட்ச்மேன். அது முதலாளியே போட்ட உத்தரவு.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளிக்குக் கால் கடுத்தது. நிற்போம் நிலைப்போம் என்று அவர் சொன்னதுண்டே தவிர, செய்ததில்லை. "உட்கார ஒரு ஸ்டூல் கூடவா இல்லை?"

"இருந்துச்சு சார். சமுதாயத்துக்குக் கொடுத்துட்டீங்க."

சம்பளப் பிரிவு ஜன்னலைத் தட்டினார்கள். குமாஸ்தா மரியாதையாக எட்டிப் பார்த்தார். "நின்னுட்டவங்களைத் திரும்ப எடுக்கணும்னா, அவங்க நிக்கலைன்னு நலம் சார் எழுதிக் கொடுக்கணும் சார்."

"எழுதிக் கொடுய்யா!" என்று முதலாளி நலம் சார் மேல் பாய்ந்தார்.

"அவர் எழுதினாச் செல்லாது சார்" என்றார் குமாஸ்தா வருத்தத்தோடு. "அவரும் நின்னுட்டார்."

அப்புறம் முதலாளி யார் யாருக்கோ போன் செய்தார். ஆசனத்துக்கு நடக்கவே நடக்காது என்று சொன்ன காரியம் டீ ஆறுவதற்குள் நடந்து முடிந்தது. இதுவரை நின்ற எல்லோரும் நிற்காதவர்களாகக் கருதப்படுவார்கள் என்று உத்தரவு வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. 'எல்லோரும்' என்ற சொல்லில் ஆசனமும் அடங்கியிருந்தார் என்பது உத்தரவு போட்டவர்களுக்கு ஞாபகம் இல்லை. அவர் அட்டையைக் காட்டினார். பச்சை. அவருக்கு அந்த விளக்கைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நாற்காலியோடு உள்ளே காலை வைத்தவரைப் பொறுப்பு மேடம் மறித்தார். "நாற்காலி உள்ளே வரக்கூடாது. அது சமுதாயத்துக்குக் கொடுத்தது. நீங்க இப்ப ஊழியர்."

"அப்ப நாற்காலியை வெளியே வச்சுட்டு வரவா மேடம்?"

"வச்சா அது நன்கொடையை உதறின மாதிரி ஆயிடும். போட்டோ வெளியில போயாச்சு."

"உட்காரவும் கூடாது" என்று நலம் சார் சேர்ந்துகொண்டார். "உத்தரவுப்படி நீங்க நிக்கலை. ஆனா நீங்க நின்னாத்தான் நூறு சதவீதம்."

இந்தப் பேச்சு நடக்கும்போதே பின்னால் ஹாரன் அடித்தது. வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மூட்டை தேற வைத்த நாற்காலிகள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. டிரைவர் இறங்கி, கடைக்காரர்கள் சொல்லியனுப்பியதை முதலாளியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தான். அதில் முதலாளியின் அம்மாவும் ஓரிரு இடங்களில் வந்தார். முதலாளி முகம் வெளுத்துப்போய் ஆசனத்தின் பக்கம் திரும்பினார்.

"உன் வேலை உனக்குத்தான்யா. முதல்ல இதையெல்லாம் உட்கார்ந்து பாரு!"

"எங்கே சார் உட்கார்றது? உள்ளே உட்காரக் கூடாதுங்கறாரு. வெளியே உட்கார்ந்தா நான் சமுதாயமாம்."

ஆசனம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு லாரியிலிருந்து இறக்கிய முதல் நாற்காலியைக் கதவுக் கோட்டின் மேல் வைத்தார். முன்கால் இரண்டும் கம்பெனிக்குள், பின்கால் இரண்டும் தெருவில். பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார். நலம் சார் முன்னாலிருந்து பார்த்தார், பொறுப்பு மேடம் பின்னாலிருந்து பார்த்தார். அவருடைய எந்தப் பகுதி எந்தத் துறையில் வருகிறது என்று இருவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஜன்னலில் குமாஸ்தா கன்னத்தில் கை வைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

கீச்.

"இதுக்கு வயித்து வலி" என்று ஆசனம் அதை ஒதுக்கினார். அடுத்தது. அடுத்தது. அவருக்குச் சந்தோஷத்தில் கண் கரித்தது. வெயிலைத்தான் குறை சொல்லிக்கொண்டார். ஆறாவதோ ஏழாவதோ, ஒன்று சத்தமில்லாமல் அவரைத் தாங்கியது. கவிழ்த்துக் கோடு போட்டார்.

முதலாளி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அது தேறிடுச்சில்ல? கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளேன். கால் விட்டுப்போகுது."

ஆசனம் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தள்ளலாமா வேண்டாமா என்று உண்மையாகவே குழம்பி, மரியாதையோடு கேட்டார்.

"நீங்க ஊழியரா சார், சமுதாயமா?"